காத்திருக்கச் சொல்பவன் யார்? கடன் வாங்குபவன் யார்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கடியப்பட்டணத்துக் கரையில் இரண்டு கணக்குகள் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று கடலின் கணக்கு. மற்றொன்று கல்லூரியின் கணக்கு.

கடலின் கணக்கு என்ன? மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முட்டத்திலும் குளச்சலிலும் விசைப்படகில் கூலிக்குப் போகிற தொழிலாளிக்கு அந்த 61 நாளும் வேலை கிடையாது. வள்ளத்தில் போகிறவனுக்குத் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற கடலில் சட்டம் விட்டாலும் அலை விடாத நாட்கள் அநேகம். சர்க்கார் தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 131 ரூபாய்!

கல்லூரியின் கணக்கு என்ன? பிளஸ் டூ முடித்த பையனுக்கும் பெண்ணுக்கும் விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் செலவு, நாகர்கோவிலுக்குப் பலமுறை பஸ் செலவு, அட்வான்ஸ், முதல் தவணை, புத்தகம், ஹாஸ்டல். இத்தனையும் வந்து விழுவது எந்த மாதத்தில்? அதே ஜூனில், அதே ஜூலையில்!

இது கடற்கரைக்கு மட்டும் நேர்ந்த கஷ்டமா? நாஞ்சில் நாட்டு வயலைப் பாருங்கள். கும்பப்பூ அறுவடை மாசியோடு முடிந்துவிட்டது. கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியில்தான் வரும். நடுவில் இருக்கிற ஆனி, ஆடியில் அறுப்புக் கூலி ஏது? மலையோரத்து ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நாளில் பால்வெட்டு நின்றுபோகிறது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஆரல்வாய்மொழிப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் உண்டு என்றால், போனஸ் வருவது தீபாவளிக்கு. ஆக, மீனவனுக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் கை வறண்டு கிடக்கிற மாதங்கள் எவையோ, அவைதான் கல்லூரி வாசலில் பணம் கேட்கிற மாதங்கள்!

தள்ளிவைப்பு என்னும் திருவிளையாடல்

பணம் கேட்பதாவது ஒரு தேதியில் கேட்கப்படுகிறதா? அதுவும் இல்லை. கட்டணம் வாங்குகிற தேதி மட்டும் இம்மியும் பிசகாது. இடம் கொடுக்கிற தேதிதான் தள்ளிப்போகும். பெற்றோர்கள் மறந்திருக்கலாம், நாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துவோம்.

2017: வைத்தியப் படிப்புக்கு நீட் பரீட்சை வேண்டாம் என்று தமிழகச் சட்டமன்றம் பிப்ரவரி மாதத்திலேயே ஒருமனதாக இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. டில்லியில் அவை உறங்கின. ஜூன் மாதம் மாநில சர்க்கார், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு 85 சதவீத இடம் என்று உத்தரவு போட்டது. ஜூலையில் ஹைக்கோர்ட் அதை ரத்து செய்தது. ஆகஸ்டில் ஓராண்டு விலக்குக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்தால் ஒத்துழைப்போம் என்று மத்திய மந்திரி ஒருவர் சொன்னார். தமிழகத்துத் தாய் தகப்பன்மார் நம்பினார்கள். பத்து நாள் கழிவதற்குள் மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வேறு பாட்டுப் பாடியது. ஆகஸ்ட் 22ந் தேதி, நீட் மதிப்பெண்படிதான் சேர்க்கை என்று தீர்ப்பு வந்தது. பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, ஏழு மாதம் காக்க வைத்துவிட்டுக் கழுத்தை அறுத்தார்கள்! அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 1200க்கு 1176 மதிப்பெண் வாங்கியவள், அந்தத் தீர்ப்பு வந்த பத்தாம் நாள், செப்டம்பர் 1ந் தேதி உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த இளம் உயிருக்கு இன்றுவரை பதில் சொன்னவர் யார்?

2020: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் கமிட்டி 10 சதவீதம் சொன்னது. மந்திரிசபை அதை 7.5 ஆக்கியது. செப்டம்பர் 15ந் தேதி சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா கவர்னர் மேஜையில் அக்டோபர் மாதம் முழுவதும் கிடந்தது. யோசிக்க மூன்று நான்கு வாரம் வேண்டுமாம்! மக்கள் கொதித்தெழுந்தார்கள். அக்டோபர் 29ந் தேதி மாநில சர்க்கார் அரசாணை போட்டது. மறுநாளே கவர்னரின் கையெழுத்து வந்துவிட்டது. ஒன்றரை மாதம் யோசித்தும் வராத முடிவு ஒரே இரவில் வந்த ரகசியம் என்ன?

2022: தமிழ்நாட்டுப் பிளஸ் டூ முடிவு ஜூன் 20ந் தேதி வெளியானது. சி.பி.எஸ்.இ. முடிவோ ஜூலை 22ந் தேதிதான் வந்தது. அந்தப் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வேண்டுமே என்று இஞ்சினீயரிங் விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஜூலை 27க்குத் தள்ளிப்போனது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் மேல் நமக்கு விரோதம் இல்லை, அவர்களும் பிள்ளைகளே. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியின் முடிவு தாமதமானால் டில்லிப் பல்கலைக் கழகம் ஒரு நாளாவது காத்திருக்குமா? அதோடும் தீரவில்லை. ஆகஸ்ட் 25ல் தொடங்க இருந்த பொதுக் கலந்தாய்வு, நீட் முடிவு வரவில்லை என்று செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. நீட் எழுதாத பிள்ளையும் நீட்டுக்காகக் காத்துக் கிடந்தது!

2024: மே 5ந் தேதி நடந்த நீட் பரீட்சையில் வினாத்தாள் வெளியான சங்கதி நாடே நாறியது. 67 பேர் 720க்கு 720! 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்து, பிறகு பறித்து, அவர்களுக்கு மறுபரீட்சை. திருத்திய முடிவு வந்தது ஜூலை 26ந் தேதி. கலந்தாய்வு தொடங்கியது ஆகஸ்டில். திருடியவன் எங்கோ இருந்தான். தண்டனை அனுபவித்தவர்கள் நாடெங்கும் உள்ள பெற்றோர்கள்.

ஒரு வருஷம் என்றால் விபத்து என்று விடலாம். வருஷா வருஷம் நடந்தால் அதற்குப் பெயர் விபத்தா?

காலதாமதம் யாருக்குப் பால், யாருக்கு விஷம்?

காத்திருப்பது எல்லோருக்கும் ஒன்றுதானே என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். ஒன்றல்ல, தோழர்களே! பங்களாவில் இருக்கிறவனுக்கு மூன்று மாதக் காத்திருப்பு என்பது மூன்று மாத ஓய்வு. கடனில் இருக்கிறவனுக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாத வட்டி. கட்டணத்துக்கென்று நகையை அடகு வைத்தவன் கலந்தாய்வு தள்ளிப்போனதற்காக வட்டியைத் தள்ளிவைக்க முடியுமா? அடகுக் கடைக்குக் கவர்னர் கிடையாது. அங்கே கையெழுத்துத் தாமதமாவதும் கிடையாது!

இந்த இடைவெளியில்தான் சுயநிதிக் கல்லூரி முதலாளியின் ஏஜெண்டு ஊருக்குள் நுழைகிறான். "அண்ணாச்சி, சர்க்கார் கவுன்சலிங் எப்ப வருமோ ஆருக்குத் தெரியும்? எங்க காலேஜில சீட்டு நாலே நாலுதான் கிடக்கு. இன்னைக்கே அட்வான்ஸ் கெட்டினா பிள்ளைக்கு இடம் உறுதி" என்கிறான். பயந்துபோன தகப்பன் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறான். பிள்ளையின் அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிடுகிறான். வலையில் மீன் விழுந்துவிட்டது!

அந்த "நாலே நாலு சீட்டு" எவ்வளவு பெரிய பித்தலாட்டம் தெரியுமா? தமிழ்நாட்டில் இஞ்சினீயரிங் கலந்தாய்வு முடியும்போது ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. இடம் ஆளைத் தேடுகிறது. ஆள் இடத்தைத் தேடுவதாக ஏஜெண்டு நம்ப வைக்கிறான். பஞ்சம் இல்லாத ஊரில் பதுக்கல்காரன் பஞ்சம் உண்டாக்குவான் அல்லவா? அதே வியாபாரம்தான் இது. அரிசிக்குப் பதில் ஆசனம்.

அவசரப்பட்டுக் கட்டிய தகப்பன் இழப்பது அட்வான்சை மட்டுமல்ல. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010ஆம் ஆண்டு முதல் சர்க்கார் தருகிற கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்குத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத இடமும், அந்த இடத்துக்குரிய கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்ற 2021ஆம் ஆண்டு ஏற்பாடும் கலந்தாய்வு வழிதான். நிர்வாக இடத்தில் சேர்ந்தவனுக்கு இரண்டும் போச்சு! பொறுத்திருந்தால் சர்க்கார் கட்டியிருக்கும் பணத்தை நான்கு வருஷம் தொழிலாளி கட்டுகிறான். ஆக, கலந்தாய்வு தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் யாருடைய பெட்டி நிரம்புகிறது என்பது விளங்குகிறதா?

ஒரு வருஷம் சும்மா இருக்கும் "தகுதி"

தள்ளிவைப்பில் மற்றொரு வகை உண்டு. இந்த ஆண்டு நீட்டில் மதிப்பெண் போதவில்லையா? அடுத்த ஆண்டு எழுது. அதுவும் போதவில்லையா? அதற்கும் அடுத்த ஆண்டு எழுது. நீதிபதி ஏ.கே. ராஜன் கமிட்டி 2021ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழகத்தில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தவர்களில், மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17ல் 12.47 சதவீதம். 2020-21ல் 71.42 சதவீதம்! நூறு பேரில் எழுபத்தொரு பேர் ஒரு வருஷமோ அதற்கு மேலோ வீட்டில் இருந்து கோச்சிங் படித்து வந்தவர்கள்.

வீட்டில் இருந்து படிப்பது என்றால் என்ன? பதினெட்டு வயதுப் பிள்ளை சம்பாதிக்காமல் இருக்க வேண்டும். கோச்சிங் கடைக்கு லட்சக்கணக்கில் கொட்ட வேண்டும். தடைக்காலத்தில் 131 ரூபாயில் நாளைத் தள்ளுகிற குடும்பம் இதைச் செய்யுமா? முந்திரி ஆலையில் தோடுடைத்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளும் தாய் செய்வாளா? செய்ய முடியாது. ஆகவே அவர்கள் பிள்ளைக்கு "தகுதி" இல்லை என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். இவர்கள் சொல்லும் தகுதி மூளையின் தகுதியா, மடிசீலையின் தகுதியா?

இந்தப் பரீட்சை வேண்டாம் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றம் மறுபடியும் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. ஜனாதிபதியின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல் மந்திரி சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு மசோதாவுக்கு மூன்றரை ஆண்டு! அதற்குள் நான்கு வருஷத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து வெளியே வந்துவிட்டார்கள்.

இரண்டு வாதங்கள், இரண்டு பதில்கள்

"கோர்ட்டு வழக்குகளால் தாமதமாகிறது, சர்க்கார் என்ன செய்யும்?" என்பது ஒரு வாதம். வழக்கு வருவது எதனால்? விதிகளைப் பள்ளி திறக்கும் முன்பே தீர்மானிக்காமல், பிள்ளை பரீட்சை எழுதி முடித்த பிறகு மாற்றுவதனால். பந்தயம் முடிந்த பின் கோட்டை நகர்த்தி வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? மேலும், தாமதத்தைத் தடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். தாமதத்தின் செலவை ஏழை தலையில் கட்டாமல் இருக்க முடியாதா? கலந்தாய்வு தள்ளிப்போனால் தனியார் கல்லூரி பணம் வாங்கும் தேதியையும் தள்ளிவை என்று ஒரு வரி உத்தரவு போட எந்தக் கோர்ட்டு தடுத்தது?

"மீன் பிடிக்கிறவன் மகனுக்கும் வயல் அறுக்கிறவன் மகளுக்கும் இவ்வளவு படிப்பு எதற்கு?" என்பது இரண்டாவது வாதம். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு மனதுக்குள் சொல்கிற வாதம். 1953ல் ராஜாஜி மந்திரிசபை, பள்ளிப் பிள்ளைகளைப் பாதி நாள் படிக்கவும் மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கவும் விட்டது. அப்போது குமரி மண் திருவாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தத் திட்டம் இங்கே வரவில்லை. தமிழ்நாட்டு ஜனங்கள் எதிர்த்து 1954ல் அதை ஒழித்தார்கள். அன்று வெளிப்படையாகத் திட்டம் போட்டு விரட்டினார்கள். இன்று அப்படித் திட்டம் போடவில்லை. வாசலில் உட்கார வைத்து அலுத்துப்போய்த் தானாக எழுந்து போகும்படி செய்கிறார்கள்.

2017 நவம்பர் 30ந் தேதி ஒக்கிப் புயல் இந்தக் கரையில் எத்தனை வீட்டை விளக்கணைத்துவிட்டுப் போனது என்பதைக் குமரி மாவட்டம் மறக்காது. கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீட்டில், மகன் வள்ளம் ஏறுவதா, வகுப்பு ஏறுவதா என்பது அந்தப் பிள்ளை தானே முடிவு செய்ய வேண்டிய விஷயம். கடல் தொழில் இழிவு என்று நாம் சொல்லவில்லை. விருப்பப்பட்டுக் கடலுக்குப் போவது வேறு. வேறு வாசலையெல்லாம் அடைத்துவிட்டுக் கடலில் தள்ளுவது வேறு.

ஏழரையில் ஓர் ஓட்டை

7.5 சதவீதம் நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். சர்க்கார் உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. கடற்கரை ஊர்களில் பல இடங்களில் ஏழையின் பிள்ளை படிப்பது திருச்சபை நடத்தும் உதவி பெறும் பள்ளியில்தான். பக்கத்தில் சர்க்கார் பள்ளி வைக்காதது யார் குற்றம்? அதற்குத் தண்டனை பிள்ளைக்கா? மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022ல் அரசுப் பள்ளியோடுதான் தொடங்கியது. கோரிக்கை வலுத்தபின் 2024 டிசம்பர் 30ந் தேதி முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிந்தது. உதவித்தொகையில் முடிந்தது உள்ஒதுக்கீட்டில் ஏன் முடியாது?

இப்போது செய்ய வேண்டியது

பெற்றோர்களே! சட்டம் உங்கள் பக்கம் இருக்கிற இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018ல் உத்தரவு போட்டிருக்கிறது. அதே உத்தரவு கட்டணத்தைத் திருப்புவது பற்றியும் சொல்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு நடைமுறைச் செலவு தவிர முழுப் பணமும் திரும்ப வேண்டும். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80 சதவீதம். 30 நாள் வரை 50 சதவீதம். ஆகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நன்கொடை கேட்பது 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

ஜாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு மே மாதமே மனுப் போடுங்கள். அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் 50 ரூபாய்தான். மற்ற எதற்கு முயன்றாலும் இதை விடாதீர்கள். கோணத்தில் சர்க்கார் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன.

இதில் எதையும் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். தனியாகப் போகிற தகப்பனைக் கல்லூரி ஆபீஸ் வெளியில் நிறுத்தும். இருபது பேராய்ப் போனால் நாற்காலி போடும்! ஒவ்வொரு சங்கமும் மீனவர் கிராமத்திலும் தோட்டத்திலும் மில் வாசலிலும் மே, ஜூன் மாதங்களில் ஓர் உதவி மேஜை போடட்டும். படித்த இளைஞர்கள் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையிடம் கடுகடுக்காதீர்கள். தேதியைத் தள்ளிவைத்தவன் பிள்ளை அல்ல. இந்த வருஷம் இந்த இடம் கிடைக்கவில்லை என்றால் பிள்ளை தோற்றதாக அர்த்தம் அல்ல. உலகத்தில் எந்தக் கல்லூரி இடமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நமது கோரிக்கைகள்

சர்க்கார் கலந்தாய்வு முடியும் வரை எந்தத் தனியார் கல்லூரியும் அட்வான்ஸ் வாங்கத் தடை போடு! கலந்தாய்வு தள்ளிப்போனால் கட்டணத் தேதியும் தானாகத் தள்ளிப்போகட்டும்!

தடைக்காலத்திலும் அறுவடை இல்லாக் காலத்திலும் கட்டணம் கேட்காதே! தொழிலாளர் பிள்ளைகளுக்கு முதல் தவணையை அக்டோபரில் வாங்கு!

7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை உதவி பெறும் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கு!

தாலுகா ஆபீசுக்கு ஜனங்களை அலைய விடாமல், மே மாதத்தில் கடற்கரை ஊர்களில் சான்றிதழ் முகாம் நடத்து!

நீட்டை ஒழி! மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவைக் கிடப்பில் போடும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்து!

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உலகத்தைப் பார்க்கட்டும். ஜெர்மனியில் பல மாநிலங்கள் பல்கலைக் கழகக் கட்டணம் வசூலித்தன. எதிர்ப்புக் கிளம்பி, 2014க்குள் எல்லா மாநிலங்களும் அதைக் கைவிட்டன. சிலி நாட்டில் 2011ல் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். பெற்றோரும் தொழிலாளரும் சேர்ந்துகொண்டார்கள். 2016 முதல் அங்கே கீழ்த்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி இலவசமானது. இவை தானமாக வரவில்லை, கேட்டு வாங்கியவை.

2020ல் ஒன்றரை மாதம் அசையாத பேனா, ஜனங்கள் திரண்டபோது ஒரே நாளில் அசைந்ததை நாமே பார்த்தோம். கரமடி வலையைத் தனி ஆள் இழுக்க முடியாது. ஊரே சேர்ந்து கயிற்றைப் பிடித்தால் வலை கரையேறும். கடற்கரையும் வயலும் தோட்டமும் மில்லும் ஒரே கயிற்றைப் பிடிக்கட்டும். அடுத்த ஜூன் வருவதற்குள் பிடிக்கட்டும்!